ஒரு சாண் ஆழம்

எங்கள் வீட்டுத் தறிக்குழி மற்ற வீட்டுக் குழிகளைவிட ஒரு சாண் ஆழம். அக்காவின் கால்களுக்காக அப்பா தோண்டியது. நெய்கிறவர் பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, அங்குள்ள மிதியை அழுத்த வேண்டும். எமர்ஜென்சி முடிந்த சமயம், பதினைந்து வயதில் அக்கா மளமளவென்று வளர்ந்துவிட்டாள். முழங்கால் தறியில் இடித்தது. தறியில் ஏற்றிய ஒரு பாவு நெய்து தீர்ந்த அன்று அப்பா கடப்பாரையை எடுத்து வந்து தோண்டினார். அவள் வளர்ந்ததைக் குற்றமாகப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

முள்ளிப்பட்டில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் அவள் காதளவுதான் இருந்தார்கள். குழாயடியில் பெண்கள், "கரண்ட் கம்பம் வந்துகினு இருக்குது, தள்ளுங்கடி, ஷாக் அடிக்கப் போவுது" என்று சிரிப்பார்கள். அம்மா வாசலிலிருந்தே, "குனிஞ்சி நடடி, ஊரே உன்னத்தான் பாக்குது" என்பாள். அக்கா தோள்களைக் குறுக்கிக்கொண்டு, தரையில் எதையோ தொலைத்தவள்போல நடப்பாள். தறியில் உட்கார்ந்தால் வேறு ஆள். கால்கள் குழிக்குள் போனதும் அவளும் எல்லோரையும்போல ஆகிவிடுவாள். முதுகு நிமிரும், குரல் வெளியே வரும். "இன்னாடா, வாயில கொழுக்கட்டையா?" என்று என் கூச்சத்தைக் கிண்டல் செய்வாள். யாரிடமும் பேசாத நான் அவளிடம் மட்டும் பேசினேன்.

அவளுக்குப் பதினேழு நடக்கும்போது சேவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் தறிக்காரர்கள்தான். அம்மா அக்காவைத் தறியை விட்டு எழ விடவில்லை. "அதோட வேலைய நீங்களே பாருங்க" என்று அவர்களைத் தறியண்டை அழைத்துப்போனாள். மாப்பிள்ளையின் அம்மா நெய்த பாகத்தைத் தடவிப் பார்த்து, "கை நல்லா ஓடுது. எழுந்து வாம்மா, பூ வெக்கிறேன்" என்றார். "அறுந்த இழைய முடிஞ்சிகினு இருக்குதுங்க, நடுவுல வுட்டா கொழம்பிடும். அங்கயே வெச்சிடுங்க" என்றாள் அம்மா. அந்த அம்மாள் குனிந்து அக்காவின் தலையில் பூ வைத்தார். அக்காவுக்காக இன்னொருவர் குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பூ அவளை என்னவோ செய்துவிட்டது. குழாயடிக்கு நிமிர்ந்து நடந்து போனாள். கேலி செய்தவளிடம், "கம்பம் இருந்தாதாண்டி தெருவுக்கு வெளிச்சம்" என்றாள். நான் வியந்துபோனேன். தன்னைப் பிடித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று அவள் நம்பிவிட்டாள். குழிக்குள் இருந்த பாதியை அவர்கள் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

தாம்பூலம் மாற்ற வந்த அன்று அம்மா அறைக்குள், "குனிஞ்சே வாடி" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டுதான் கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்றார். அவள் காதுக்குக்கூட எட்டவில்லை. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "இன்னாப்பா, எழுந்தும் உக்காந்த மாதிரியே கீற?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணெதிரே அவள் தோள்கள் மெல்ல மெல்ல உள்ளே மடங்கின. தாம்பூலம் மாற்றாமலே அவர்கள் கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு பெரணமல்லூரில், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தோம். நல்ல மனிதர். அவள் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அக்கா நிமிரவில்லை. அவள் தறி எனக்கு வந்தது. என் கால் எட்டாததால் குழிக்குள் செங்கல் அடுக்கி, மிதியை மேலே ஏற்றிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிதாக எதுவும் தெரியாது. வளர்கிற வயதில் ஊர் மடக்கியதைப் பிற்பாடு அன்பால்கூட நிமிர்த்த முடிவதில்லை என்பதை மட்டும் அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் வந்திருந்தாள். கூன் விழுந்துவிட்டது. என் பக்கத்தில் நின்று தோளோடு தோள் ஒட்டிப் பார்த்து, "பாத்தியாடா, இப்பதான் நான் சரியான உயரத்துல கீறேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாவு தீர்ந்து தறி சும்மா இருந்தது. அவள் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள், முழங்கால் இடித்தது. நான் இறங்கி மிதியைக் கழற்றி, செங்கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். கால்களை நீட்டினாள். அவை பழைய ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முதுகு இப்போது நிமிரும், இப்போது நிமிரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.