மாதா குளத்துத் தண்ணீர்

நேற்று வாடகைக் காரின் ரேடியேட்டர் கொதித்து, துருவேறிய வெந்நீர் வாசனை மூக்கில் ஏறியது. கார் விஷயத்தில் என் ஞானம் அந்த வாசனையோடு சரி. ஆனாலும் அதிகாரமாக, "ஆறட்டும்பா, தண்ணி ஊத்தாத," என்றேன் டிரைவரிடம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு மத்தியானம். காய்ச்சலில் கிடந்த தங்கையை வில்லியனூர் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டு, அப்பா தம் முதலாளியின் காரில் எங்களைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தார். ரெட்டியார்பாளையத்தில் கார் கொதித்து நின்றது. அப்பா துண்டைச் சுற்றி, ஆவி அடங்க அடங்க மூடியைத் திறந்தார்.

"கொஞ்சம் ஆறணும் மரி," என்றார் அம்மாவிடம்.

"புள்ள நெருப்பா கெடக்குது, ஒங்க வண்டி ஆறணுமா?"

தங்கைக்கென்று பிடித்துவந்த மாதா குளத்துத் தண்ணீரை அம்மா அப்படியே உள்ளே கவிழ்த்தாள். "மாதாவே, ஓட வையி!"

குளிர்ந்த தண்ணீர் பட்டதும், கொதித்துக் கிடந்த என்ஜின் படாரென்று விரிசல் விட்டது.

அப்பா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் இறக்கியபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது.

யார் துக்கம் கேட்டு வந்தாலும், "நான்தான் அவசரப்பட்டுத் தண்ணி ஊத்திட்டேன்," என்பார் அப்பா.

"பழைய மெக்கானிக்கா சார் நீங்க?" என்றான் வாடகைக் கார் டிரைவர்.

"இல்லப்பா. எங்கப்பா ஒருதடவ ஊத்தி என்ஜின ஒடைச்சிட்டாரு," என்றேன்.