பாத்திரக்காரி போட்ட வெள்ளைச் சட்டை

கிட்ட வந்து உட்காருங்க, தெருவில் கூவிப் பிழைத்தவங்க இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற தொழிலில் தலையில் இருக்கிற கூடையைவிட வாசலில் நிற்கிற அம்மாமார் வாய்தான் கனம். எழுபதுகளில் நானும் என் ஓரகத்தி கன்னியம்மாவும் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து காலையில் கிளம்புவோம். என் தலையில் எவர்சில்வர் கூடை, அவள் முதுகில் துணி மூட்டை.

நாலு புடவை, ஒரு கிண்ணம்

தி.நகரில் ஒரு மாடி வீடு. அந்த அம்மா நாலு புடவை கொண்டுவந்து போட்டாங்க. நாலும் துவைத்துத் துவைத்துக் கொசுவலையாகியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது. கிண்ணம்தான் கட்டும் என்றேன். அவங்களுக்குக் குடம் வேண்டுமாம். அரைமணி நேரம் கிண்ணத்தைத் தட்டிச் சத்தம் கேட்டாங்க, நகத்தால் சுரண்டினாங்க, பிறகு புடவைகளை வாரிக்கொண்டு உள்ளே போகும்போது சொன்னாங்க: "இதைக் கட்டிக்கிட்டு நான் கல்யாணத்துக்கே போயிருக்கேன், உன் கிண்ணத்துல எவன் சாப்பிடுவான்?"

என் பைத்தியம்

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, வெள்ளை முழுக்கைச் சட்டை. ஆம்பிளைச் சட்டைதான். புடவைக்கு மேலே போட்டுக்கொண்டால் கையில் வெயில் படாது, கூடை உரசி ரவிக்கை கிழியாது. அதோடு நெஞ்சுப் பக்கம் ஒரு பை. பொம்பளைத் துணியில் எவன் பை வைத்தான்? வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் அதில் போட்டுக்கொண்டு நடந்தால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும். ராயப்பேட்டையில் எங்களிடம் பழந்துணி எடுக்கிற கடைக்காரர் டெரிலின் கேட்பார், ஜரிகை கேட்பார். பருத்திச் சட்டையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். நானோ அதைத்தான் பொறுக்கி எடுப்பேன். பித்தானைப் போட்டுக் கையை மடித்துவிட்டு நிற்கும்போதெல்லாம் கன்னியம்மா சொல்லுவாள்: "யக்கா, ஆபீசுக்கு டைமாய்டிச்சு, கூடையத் தூக்கு."

கொடியில் கிடந்தது

மயிலாப்பூரில் ஒரு வீடு. வாடிக்கையான தெரு அது. அந்தத் தெருவில்தான் எங்கள் வாரச் சோறு பாதி. அந்த மாமிக்கு மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு மேல் கண். போட்ட பட்டுப் புடவை அதற்குக் கட்டவில்லை. விட்டிருக்கலாம். கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை கஞ்சி மொடமொடப்போடு ஆடிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துப் போடுங்க என்று வாயை விட்டுவிட்டேன். கன்னியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மாமி கொடியைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், சட்டையை உருவி என் கையில் திணித்தார்: "அவர் வரதுக்குள்ள எடுத்துண்டு போயிடு, டோபி தொலைச்சுட்டான்னு சொல்லிக்கறேன்."

காலருக்குள்ளே

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். ஒரு தெருவில் எடுத்த துணி மறுபடி அந்தத் தெருவில் முகம் காட்டக் கூடாது. சும்மாவாவது ராயப்பேட்டையில் தள்ளிவிடு என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்னால் முடியவில்லை. ஒரு மாதம் வேறு தெருக்களில் போட்டுக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டை உடம்பில் இருக்கிற நினைவே இல்லாமல் அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டேன்.

சலவைக்காரர் ஒருத்தர் சைக்கிளை நிறுத்தினார். காலரைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். உள்ளே, எந்த வீட்டுத் துணி என்று தெரியச் சேங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி. எத்தனை துவைத்தாலும் போகாது. அவர் போட்டது. சட்டையைத் தொலைத்தவன் என்று அந்த வீட்டுத் துணி அவருக்கு நின்றுபோயிருந்தது, பக்கத்து இரண்டு வீடுகளிலும் கூட. கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை: "ஒரு மாசமா என்னைத் திருடன்றாங்கம்மா, நீ வந்து எப்படிக் கெடச்சுதுன்னு மட்டும் சொல்லு."

வாசலில்

நியாயமாக வாங்கினது என்கிற தைரியத்தில் போனேன். அந்த வீட்டு ஐயா காலரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். மாமி என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே என்னைக் கண்டதே இல்லை, நான்தான் கொடியிலிருந்து உருவியிருப்பேன் என்றார். உள்ளே அலமாரியில் என் தூக்கு இருக்கிறது என்றேன். அது மாமியின் அண்ணா வாங்கிக் கொடுத்ததாம். சாட்சிக்கு ஒரே ஆள், கன்னியம்மா. மூட்டையோடு பின்னாலேயே வந்து சேர்ந்த அவளைக் காட்டினேன். மூட்டையை இறக்கினாள், முகத்தைத் துடைத்தாள், சொன்னாள்: "எனுக்கு இன்னா சார் தெரியும், நான் இந்தத் தெருவுக்கே இன்னிக்குத்தான் வரேன்."

வீட்டுக்கு வந்த பிறகு

தெரு பார்க்க அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். சலவைக்காரருக்கு அந்த வீட்டுத் துணி திரும்பக் கிடைத்தது, நல்லது. எனக்குத்தான் திருடி என்று பேர், அந்தத் தெருவில் கால் வைத்தால் போலீஸ். இராத்திரி கன்னியம்மா எனக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்தாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, ஓரமாகத் தூங்குகிற எங்கள் பிள்ளைகளைக் காட்டிச் சொன்னாள்: "ரெண்டு பேரும் உள்ள போய்ட்டா இந்தப் புள்ளைங்களுக்கு யாருக்கா ஆக்கிப் போடறது?"

மறுவாரம் அவள் மட்டும், ஐயா வீடு திரும்புகிற நேரம் பார்த்து அந்த மாமி வீட்டுக்குப் போய், வாயே திறக்காமல் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள். திரும்பி வந்தபோது மூட்டையில் அதே ஐயாவின் சட்டை இன்னும் இரண்டு இருந்தது, கூடையில் ஒரு கிண்ணம்கூடக் குறையவில்லை.