கடிகாரப் பட்டையில் சிக்கிய பாசி

நான் வேலை பார்க்கும் கல்லூரியில், தாவரவியல் துறைக்குப் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. கடல்பாசிகளைத் தாளில் ஒட்டிக் காயவைத்து அங்கேதான் அடுக்கியிருக்கிறோம். கோயம்புத்தூரில் கடல் ஏது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் கிடையாது. முதுகலை படிக்கும்போது ராமேசுவரம் பக்கம் கூட்டிப்போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாறையில் படர்ந்திருந்ததைப் பார்த்தேன். இதைத்தான் படிப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கடல்பாசியில் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று பிரிவுகள் உண்டு. என் வேலை பச்சையோடு.

பார்த்தவுடன் பெயரைச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே இனம் அலை மோதும் பாறையில் கட்டையாகவும், அலையில்லாத தண்ணீரில் நீண்டு மெலிந்தும் வளரும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்றவளே அடையாளம் சொல்லமாட்டாள். அதனால் கிளை எப்படிப் பிரிகிறது, அடியில் எதைப் பற்றியிருக்கிறது, குறுக்கே அறுத்தால் உள்ளே என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலையால் யாருக்கும் நன்மையோ கெடுதலோ வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

காரமடையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி. பன்னிரண்டாவது முடித்ததும் அவளைப் பல்லடம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் வீட்டில் கோழிப்பண்ணை. கல்யாணம், காதுகுத்து என்றால் பார்த்துக்கொள்வோம், மற்றபடி அவளுக்குப் பண்ணை, எனக்குக் கல்லூரி. அவளுக்கு ஒரே பையன். என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். நண்பர்கள் மூன்று பேரோடு ராமேசுவரம் போனவன் கடலில் போய்விட்டான் என்று பழைய தோழி ஒருத்தி போனில் சொன்னாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கலைந்து கிடந்தன. அவள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அழவில்லை. வெளியே அந்த மூன்று பையன்களும் ஓரமாக நின்றிருந்தார்கள். யார் வந்து கேட்டாலும் அவர்களில் உயரமானவன்தான் பதில் சொன்னான்.

"மணல்லதானுங்க குளிச்சுட்டு இருந்தோம். முட்டியளவு தண்ணி. ஒரே அலை, ஆளக் காணோமுங்க. கத்திப் பாத்தோம், கெடைக்கலீங்க."

மறுநாள் மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கண்டு கரை சேர்த்திருக்கிறார்கள். ஒரே அலை என்பதை அங்கே எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது ஓர் ஆறுதலாகவே ஆகிவிட்டிருந்தது. பையன் கஷ்டப்படவில்லை, என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் முடிந்துவிட்டது என்று அவள் கணவர் என்னிடமும் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து அவள் கல்லூரிக்கே வந்துவிட்டாள். பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தாள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் பையனின் சாமான்களைப் போட்டுக் கொடுத்த கவர் அது. உள்ளே ஒரு கைக்கடிகாரம். ஸ்டீல் பட்டை. பட்டையின் கொக்கியிலும் கண்ணிகளுக்கு நடுவிலும் கயிறு திரித்தது மாதிரி ஏதோ சுற்றிக் காய்ந்திருந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம்.

"ஏம்புள்ள, நீ பாசிதான படிச்சவ? இது என்னன்னு சொல்லு."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியோணும். அவன் கைல இருந்ததுல்ல."

ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் கலக்கிக் கடிகாரத்தை அப்படியே அதில் வைத்தேன். காய்ந்த பாசி ஊற நேரமாகும். அட்டெண்டரிடம் டீ வாங்கிவரச் சொன்னேன், அவள் குடிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அந்தத் திரி இளகியது. தரையில் ஓடும் கொடி போல ஒரு தண்டு. அதிலிருந்து மேலே எழும் காம்புகள். காம்புகளின் நுனி கசங்கி ஒட்டிக் கிடந்தது.

கொடி போன்ற அந்தத் தண்டைப் பார்த்ததுமே காலெர்பா என்ற கூட்டத்தைச் சேர்ந்தது என்று சந்தேகப்பட்டேன். ஒரு துண்டை எடுத்து பிளேடால் குறுக்கே மெல்லியதாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உள்ளே தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நூல் நூலாகக் குறுக்கே ஓடியிருந்தது. காலெர்பாதான். இனி எந்த இனம் என்று பார்க்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் இறகு மாதிரி இருக்கும் சில இனங்கள் மணலிலும் வேர்விடும். அவற்றில் ஒன்றாக இருந்துவிடக் கூடாதா என்று எனக்குள் ஓடியது. அந்த நினைப்பு வந்தபோதுதான் பிளேடைக் கீழே வைத்தேன். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

தட்டுக்குத் திரும்பி வந்தபோது காம்புகளின் நுனிகள் விரிந்திருந்தன. இறகு இல்லை. சின்னச் சின்னக் குடை. ஒவ்வொரு காம்பின் தலையிலும் வட்டமான ஒரு தட்டு. அது அலையடிக்கும் பாறையில், இடுக்குகளில் படரும் இனம். தண்டுக்கு அடியில் வேர் போன்ற இழைகள் இருந்தன. இடுக்கியால் அவற்றைப் பிரித்தேன். இழைகளுக்குள் செத்த பவளத்தின் சில்லு ஒன்று இறுகப் பிடிபட்டிருந்தது.

"இது மணல்ல மொளைக்குமா?" என்று கேட்டாள்.

"இல்ல. பாறைல."

"அப்ப அந்தப் பசங்க சொன்னது?"

"அப்படிச் சொல்லிட முடியாது. ஒரு நாள் தண்ணிக்குள்ள இருந்துருக்கான். இழுத்துட்டுப் போய்ப் பாறைமேல போட்டிருக்கும். அப்பச் சிக்கியிருக்கலாம்."

நான் சொன்னது பொய்யில்லை. பாசி எங்கே முளைத்தது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும், எப்போது அவன் கைக்கு வந்தது என்று தெரியாது. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீ என்னைய அங்க கூட்டிட்டுப் போறியா?" என்றாள்.

அடுத்த விடுமுறையில் ரயிலேறினோம். அவள் கணவரிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தாள். பையன்கள் குளித்ததாகச் சொன்ன கடற்கரையை ஆட்டோக்காரர் காட்டினார். நீண்ட மணல். ஒதுங்கிய பாசி வரி வரியாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். லெட்யூஸ் இலை மாதிரி மெல்லிய உல்வா, நூல் சிக்கு மாதிரி இன்னொன்று. எங்கள் குடைப் பாசி ஒரு துண்டுகூட இல்லை. கரையோடு நடந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் மணல் முடிந்து பாறை தொடங்கியது. தண்ணீர் இறங்கியிருந்த நேரம். கறுத்த பாறைகளின் விளிம்பு முழுக்க, அலை ஏறி இறங்கும் இடத்தில், பச்சைப் பச்சையாகக் குடைகள்.

அவளுக்கு நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பாறை வழுக்கியது. அவள் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். குடைகள் மட்டும் பிய்ந்து கையோடு வந்தன, தண்டு வரவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடியும் நுனிதான் வந்தது. பிறகு விரல்களை அடியில் நுழைத்து, நகத்தால் சுரண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அப்போதுதான் தண்டு, இழை, பவளச் சில்லோடு கொஞ்சம் பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் அதை விரித்துப் பார்த்தாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்தது.

"இத்தன பலமா இழுத்தாத்தான் வருது" என்றாள்.

கடிகாரக் கொக்கி மாட்டி உடல் அலையில் புரண்டாலும் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவள் அங்கேயே, அந்தத் தண்ணீரில், முதல்முறையாக அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை வந்து வந்து எங்கள் இடுப்பில் அடித்தது. பாறைக்கு மேலே, சுற்றுலா வந்த யாரோ எங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள்.

திரும்பி வந்தபின் அவள் அந்த உயரமான பையனின் வீட்டுக்குப் போனாள். என்னையும் கூடவரச் சொன்னாள். பல்லடத்துக்குப் பக்கத்திலேயே வீடு. பின்னால் ஷெட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. பையனின் அம்மா எங்களை உட்காரவைத்துவிட்டு, "ஏனுங்க, தறிய நிறுத்தச் சொல்லட்டுங்களா? பேச்சே கேக்காது" என்று எழுந்தார். "வேண்டாமுங்க, ஓடட்டும்" என்றாள் இவள். பையன் வந்து நின்றான். இவள் கைக்குட்டையைப் பிரித்து, பாறையிலிருந்து பெயர்த்த பாசியை டீப்பாயின் மேல் வைத்தாள்.

"கண்ணு, இது மணல்ல இல்ல. நானே போய்ப் பாத்துட்டு வந்துபோட்டேன். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு. போலீசுக்குப் போகமாட்டேன். சத்தியமாப் போகமாட்டேன்."

பையன் பாசியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்துவிட்டான். போட்டோ எடுக்கப் பாறைமேல் ஏறியிருக்கிறார்கள். ஏறலாம் என்று சொன்னது இவன்தான். விளிம்பில் நின்ற அவள் மகன் வழுக்கி விழுந்திருக்கிறான்.

"நீச்சல் எங்க யாருக்குமே தெரியாதுங்கம்மா. அவன் பாறையப் புடிச்சுட்டு இருந்தானுங்க. அலை வரும், முழுகுவான், மறுக்காத் தலை தெரியும். என்ற துண்டப் போட்டேன், எட்டலீங்க. ஆளுகளக் கூட்டியாறோம்னு ஓடினோம். வர்றதுக்குள்ள இல்லீங்க."

"கூப்புட்டானா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குறேனல்ல கண்ணு. கூப்புட்டானா?"

"கூப்புட்டானுங்க."

"எத்தன நேரம் புடிச்சுட்டு இருந்தான்?"

"தெரியலீங்கம்மா. நெசமாத் தெரியலீங்க."

அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இவள் எழுந்து, டீப்பாயில் இருந்ததைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தபின், "அடிச்சுப்போடலாம்னுதான் வந்தேன்" என்று என்னிடம் சொன்னாள். "கைய ஓங்கவே முடியல."

போலீசுக்குப் போகவில்லை. ஆனால் கணவரிடம் சொன்னாள். அவர் எனக்குப் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததில்லீங்க. ஒரே அலைல போயிட்டான்னு நெனச்சு நான் தூங்கிட்டிருந்தேனுங்க. இப்ப அவன் அந்தப் பாறையப் புடிச்சுட்டே இருக்கானுங்க. கண்ண மூடினா கூப்புடறானுங்க. என்ன பாசின்னு தெரியலைன்னு நீங்க சொல்லியிருக்கலாமுங்க."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் மீது குற்றம் சொன்னது போல ஆகியிருக்கும். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போனை வைத்தார்.

அதன்பிறகு பல மாதங்கள் நான் குடைப் பாசி இருக்கும் அலமாரியைத் திறக்கவில்லை. மாணவர்கள் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

போன தை மாதம் காரமடையில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பேச்சு குறைந்துவிட்டது, பண்ணையே கதி என்றாள். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பையன் ஊட்டுக்கு வாரான் புள்ள."

"எந்தப் பையன்?"

"உசரமா இருப்பானே, அவன். ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா வந்துபோடறான். தீவன மூட்டைய எறக்கி வெக்கிறான், தண்ணித் தொட்டி கழுவறான். ஒரு வார்த்த பேசறதில்ல. அவன் வந்தா எங்கூட்டுக்காரரு தோட்டத்துக்குப் போயிடறாரு."

"நீ வரச் சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன். வரவேண்டாம்னு சொல்லலாம்னு ஒவ்வொரு வாரமும் நெனைக்கிறேன். அவனப் பாத்தா வயிறு எரியுது. ஆனாப் பசியோட இருக்கறானேன்னு சோறு போட்டுடறேன். தட்டக் கழுவி வெச்சுட்டுப் போயிடறான்."

பரிமாறுகிறவர் ரசத்தோடு வந்து நின்றார். அவள் போதும் என்று கையைக் காட்டினாள்.