சுடுதண்ணீர் வேறு, கொதித்த தண்ணீர் வேறு

"தண்ணியையும் கெட்டிலையும் இங்கயே விட்டுட்டுப் போகணுமாம் டீச்சர்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் எங்கள் குழுவின் பெட்டிகள் பரிசோதனை இயந்திரத்திலிருந்து வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. டூர் மேனேஜர் வேலையில் பாதி, அடுத்தவர் ஆங்கிலத்தில் சொன்ன கெட்ட செய்தியை நம் வாயால் தமிழில் சொல்வது. மீதிப் பாதி, அதற்கான திட்டை வாங்கிக்கொள்வது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய் வந்தவர்களுக்குக்கூட இது தெரிந்திருக்கும்.

வரிசை

சிங்கப்பூர்த் துறைமுகம், 2007 மே மாதம். கடலூரில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் முதன்முதலாக ஒரு குழுவைக் கப்பலில் ஏற்றியது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் இருபத்திரண்டு பேர். மூன்று நாள் ஊர் சுற்றிவிட்டு, இரண்டு இரவு கடலில். நானும் அதுவரை கப்பல் ஏறியதில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தா டீச்சர் சிதம்பரத்தில் முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவர். அதற்கு முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பள்ளியில் நடந்த பாராட்டு விழாவில் கேன் தண்ணீர் குடித்து, மறுவாரமே மஞ்சள் காமாலையில் விழுந்தார். நாற்பது நாள் படுக்கை. அன்றிலிருந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் தன் கண் முன்னால் கொதித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை. கெட்டில் தண்ணீர் கொதித்ததும் தானாக அணைந்துவிடும் அல்லவா? இருபது நிமிஷமும் அதன் சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருடைய கணவர் கலியபெருமாள் சாரின் வேலை. சார் மின்வாரியத்தில் இருந்தவர்.

"கெட்டில் எடுத்துக்குங்க டீச்சர், கப்பல்ல பிளக் இருக்கு" என்று சிதம்பரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னவன் நான்தான். கப்பலுக்குள் சூடாக்கும் சாதனம் எதையும் கொண்டுபோகக் கூடாது, வெளித் தண்ணீரும் கூடாது என்பதை பரிசோதனை மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தாள். காலையில் விடுதியில் காய்ச்சி நிரப்பிய எவர்சில்வர் கூஜாவைக் காட்டி, கொட்டிவிட்டு வரச் சொன்னாள்.

டீச்சர் கொட்டவில்லை. மூடியைத் திருகித் திறந்து முதலில் தான் குடித்தார். பிறகு சாருக்குக் கொடுத்தார். மிச்சத்தைக் குழுவில் பின்னால் நின்றவர்களுக்குக் கைமாற்றிவிட்டார். தாகம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் ஆளுக்கொரு வாய் அண்ணாந்து குடித்தார்கள். இருபத்திரண்டு பேர் குடித்து முடியும்வரை வரிசை நகரவில்லை. காலிக் கூஜாவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு டீச்சர் என்னிடம் கேட்டார்:

"நாளன்னிக்குக் காலையில கெட்டிலத் திருப்பிக் குடுத்துருவாங்கல்ல தம்பி? அப்ப குடிச்சிக்கறேன்."

சீல்

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாலையில் எல்லோரும் தேநீர் குடித்தபோது டீச்சர் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டில் தர்பூசணி மட்டும். ரசம் மாதிரி ஒன்று இருந்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

கப்பலுக்குள் இருந்த கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். அதன் விலையை மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்க்கும் தவறை நீங்களும் செய்திருப்பீர்கள். அதை டீச்சரிடம் நீட்டி, "இது சீல் வச்சது டீச்சர், வெளிநாட்டுக் கம்பெனி" என்றேன். அவர் பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, மூடியை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் என்னிடமே கொடுத்தார்.

"என் பாராட்டு விழாவுக்கு வந்த கேன்லயும் சீல் இருந்துது தம்பி."

வாய்க்கு நேராக

அந்த பாட்டில் செல்வராஜிடம் போய்ச் சேர்ந்து, ஒரே மூச்சில் காலியானது. செல்வராஜுக்குக் கடலூர் செம்மண்டலத்தில் ஹார்டுவேர் கடை. குழுவில் எல்லோரையும் இரண்டாம் நாளே உறவு வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கலியபெருமாள் சார் மாமா, நான் மச்சான். சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் இயந்திரம் இருந்தது. அதில் கண்ணாடி டம்ளரில்தான் பிடிக்க வேண்டும், பாட்டிலில் பிடிக்கக் கூடாது என்று படம் போட்டே எழுதியிருந்தார்கள். செல்வராஜ் ஒரு தட்டில் எட்டு டம்ளர் பிடித்து வந்து மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாக அதிலும் குழுவிலிருந்த மற்ற காலி பாட்டில்களிலும் ஊற்றினார். மூன்றாவது தட்டுக்குப் பரிமாறுபவரே வந்து உதவினார். பெரிய குடும்பம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. ஒரு பாட்டிலில் பத்துப் பேர் குடிக்க வேண்டும் என்றால் வாய் வைக்க முடியாது. ஊரில் ஓடுகிற பஸ்ஸில்கூட ஒரு சொட்டுச் சிந்தாமல் அண்ணாந்து குடிப்பவர்கள்தான் எல்லோரும். ஆனால் பஸ்ஸின் குலுக்கல் வேறு. கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்கிறது. நாம் அதற்கேற்பக் கழுத்தைத் திருப்பியதும் மறுபக்கம் சாய்கிறது. முதல் ஆளுக்கு மூக்கில், இரண்டாவது ஆளுக்குக் காதில், மூன்றாவது ஆளுக்குச் சட்டைப் பையில். பக்கத்து மேஜை சீனக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. செல்வராஜ் நனைந்த சட்டையை உதறிக்கொண்டே சொன்னார்:

"எல்லா வசதியும் செஞ்சிருக்கான் மச்சான். தண்ணி நேரா வாயில விழுறதுக்கு மட்டும் ஒரு வழியும் பண்ணல."

டீச்சர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உதடு வெடித்திருந்ததை நான் பார்த்தேன்.

குழாய்

மறுநாள் காலை, காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அவர்கள் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. டீச்சர் மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்தார். குளியலறையில் கலியபெருமாள் சார் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்பில் வயல்காட்டு மோட்டார்க் குழாயில் குடித்து வளர்ந்த ஆள் குடிக்கிற மாதிரியே இருந்தது. என்னைக் கண்டதும் குழாயை மூடினார்.

"நேத்து சாயந்தரத்துலேருந்து இதத்தான் குடிக்கறேன். ரூமைக் கூட்டுற பையனக் கேட்டேன். கேப்டனும் இதான் குடிக்கிறாராம்" என்றார்.

"அப்ப டீச்சர்கிட்ட சொல்லலாமே சார்."

அவர் முகத்தைத் துண்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார்.

"வேணாம் தம்பி. இப்ப தெனம் காலையில ஒரு தடவ என் கண்ண இழுத்துப் பாக்கறா. இது தெரிஞ்சா மத்தியானமும் பாப்பா."

சாப்பாட்டுக் கூடத்தில் டீச்சர் பப்பாளித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, சாரை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். இடது கண், பிறகு வலது கண். காமாலை வந்த வீட்டில் அடுத்தவருக்கும் வரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம். வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. நான் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் கவனமாக இருந்தேன்.

"மஞ்சள் இல்ல" என்றார்.

சுடுவது

பதினோரு மணிக்கு மேல்தளத்தின் படிக்கட்டில் டீச்சர் உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றல். பேசும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் மதியம் அந்த வரிசையில் குடித்ததுதான் கடைசி. வெயில் வேறு. மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு என் கையிலிருந்த பயணத் திட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கெட்டில் கொண்டுவரச் சொன்னது யார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

தேநீர் இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க ஒரு கோப்பை வெந்நீர் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோப்பையைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. டீச்சர் அதற்குள் எட்டிப் பார்த்தார்.

"கொதிச்சுதா?"

"சுடுது டீச்சர், பாருங்க."

"சுடுறது வேற, கொதிக்கிறது வேற. குமிழ் வந்தத நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. முப்பது வருஷம் பொய் சொல்லும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர். பார்க்கவில்லை என்று தலையாட்டினேன். அவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"கைய சுட்டுக்காதீங்க. கீழ வைங்க."

இருபது நிமிஷம்

கப்பலின் சமையல்கூடத்தைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டும் நேரம் ஒன்று இருந்தது, மதியத்துக்கு மேல். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் கொச்சிக்காரர், தமிழ் தெரிந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்குத்தானா?" என்றார். பிறகு, "அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அங்கே ஒரு அண்டா ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. டீச்சர் அதை ஏற்கவில்லை. "புதுசா, என் கண்ணு முன்னாடி ஊத்துங்க" என்றார். கொச்சிக்காரர் ஒரு சின்னப் பாத்திரத்தைக் கழுவி, குழாயில் பிடித்து, அடுப்பில் வைத்தார். குமிழ்கள் வந்ததும் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பல நாட்டுக்காரர்கள் முப்பது பேர் நின்றார்கள். கொஞ்ச நேரம் அவர்களும் அந்தப் பாத்திரத்தையே பார்த்தார்கள். பிறகு கேக் செய்யும் பக்கம் போய்விட்டார்கள். செல்வராஜ், "அஞ்சு ஆச்சு", "ஏழு ஆச்சு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் சாரின் கட்டைவிரல் எதையோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தது.

பத்தாவது நிமிஷத்தில் டீச்சர், "இந்தக் கொழாய்க்கு எங்கேருந்து தண்ணி வருது?" என்று கேட்டார்.

"கடல்லேருந்துதான். காய்ச்சி, ஆவியைப் பிடிச்சு, குளிர வைக்கிறது" என்றார் கொச்சிக்காரர்.

செல்வராஜ் எண்ணுவதை நிறுத்தினார். "கடல் தண்ணியா? சுனாமியப்ப முதுநகர்ல நம்ம குடோன் போர்வெல்லுல கடல் ஏறுனதுலேருந்து அந்தத் தண்ணிய மாடுகூடக் குடிக்கறதில்ல டீச்சர்."

டீச்சர் ஆவி படிந்திருந்த எவர்சில்வர் மேஜையில் விரலால் எதையோ வரைந்தார். ஒரு குடுவை, அதன் கழுத்திலிருந்து சரிந்து இறங்கும் ஒரு குழாய், அதன் முனையில் ஒரு முகவை. அம்புக்குறிகூடப் போட்டார். உலர்ந்த தொண்டையில் குரல் உடைந்து வந்தது.

"முப்பது வருஷம் இதே படத்த போர்டுல போட்டேன். ஒரு புள்ளகூட, இதக் குடிக்கலாமா டீச்சர்னு கேட்டதில்ல."

இருபது ஆனது. கூஜாவில் ஊற்றி, பனிக்கட்டித் தொட்டிக்குள் வைத்து ஆற்றினார்கள். டீச்சர் கப்பலின் சாய்வைக் கணக்கிட்டு, அடுப்பு விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து குடித்தார். சிந்தவில்லை. பாதிக் கூஜா போன பிறகுதான் மூச்சு விட்டார். நான் அங்கிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கொச்சிக்காரர் மட்டும், எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"உப்பு இல்ல. ருசியும் இல்ல."

இறங்கும் காலை

அதன் பிறகு பல குழுக்களோடு கப்பல் ஏறி இறங்கிவிட்டேன்; தண்ணீர் பற்றிக் கேட்பவர்களிடம் கெட்டிலை வீட்டில் வைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்குப் பெட்டிகள் வெளியே போய்விட்டன. கெட்டில் டோக்கனை வாங்கிக்கொள்ள அவர்கள் அறைக்குப் போனேன். கூஜா இரவே காலியாகி மேஜைமேல் இருந்தது. துறைமுகத்தில் கெட்டில் கைக்கு வர இன்னும் ஒரு மணி நேரம்தான். டீச்சர் சாரை வட்ட ஜன்னலின் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினார். இடது இமையை இழுத்துப் பார்த்தார். வலது இமையை இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை, குளியலறைக் குழாயின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சார் குனிந்து கைப்பையின் பட்டையை இறுக்க ஆரம்பித்தார். நான் டோக்கனின் எண்ணை என் தாளில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் கூஜாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து, கழுத்துவரை பிடித்து, மூடியைத் திருகி மூடினார்.