பால்பவுடர் டப்பாவுக்குள் ஒரு ஆம்ப்ளி

நாளை காதர் பாய் மகள் நிக்காஹ். மைக் செட் என்னுடையது. பக்கத்தில் எந்தப் போன் அடித்தாலும் ஸ்பீக்கர் ‘டிக்கு டிக்கு டர்ர்’ என்கிறது.

போன் அலை படாமல் இருக்க, துபாய் பால்பவுடர் டப்பாவை வெட்டி ஆம்ப்ளி போர்டுக்கு மூடி செய்தேன். சத்தம் போகவில்லை.

எட்டிப் பார்த்த காதர் பாய், "என்ன வே, டப்பாவுல பசுமாட்டுப் படத்தப் பாத்துக்கிட்டு நிக்கீரு?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. படத்தின் பெயிண்டைச் சுரண்டாமலே எர்த் கம்பியை முறுக்கியிருக்கிறேன்; பெயிண்ட் கரண்டை விடாதே! சுரண்டிப் பற்றவைத்து, காதர் பாய் போனைப் பக்கத்தில் அடிக்கவிட்டுப் பார்த்தேன். அடங்கியது.

"என் ஒத்த போனுக்கு அடங்கிட்டு வே. நாளைக்குப் பந்தல் நெறைய போன்லா வரும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. என் போனை ஆம்ப்ளி மேலேயே வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு தடவை கூப்பிடுங்கள். எடுக்க மாட்டேன்.