பால் இருக்கு என்று சொன்ன பிலோமினா

செய்தி வந்தபோது வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். பிலோமினாவின் தம்பி பேசினான். "வசந்தியக்கா, அக்கா போயிட்டாங்க. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் உடம்பையெல்லாம் பார்த்தவள் தன் உடம்பைக் காட்ட ஒரு நாளும் கிளினிக் பக்கம் போனதில்லை. சவப்பெட்டியில் அவளைப் பார்த்த பிறகும் அந்தக் கோபம் தணியவில்லை.

அவளை வழியனுப்ப வந்திருக்கும், அவளோடு பழகிய உங்களுக்கு எங்கள் வேலை தெரிந்திருக்கும். தேயிலைத் தோட்டங்களில் கைக்குழந்தைகள் தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கின்றனவா என்று பார்க்கும் ஆய்வு. வாயால் கேட்டால் எல்லாத் தாயும் ஆமாம் என்பார்கள். அதனால் தாய்க்கு அளவாகக் கொஞ்சம் கனநீர் குடிக்கக் கொடுப்போம். சாதாரணத் தண்ணீரைவிடச் சற்றுக் கனமான, உடம்புக்குக் கெடுதல் செய்யாத நீர். பாலில் கலந்து குழந்தைக்குப் போகும். இரண்டு வாரம் இருவரின் எச்சிலையும் பஞ்சில் எடுத்துச் சோதித்தால், குழந்தை எவ்வளவு பால் குடித்தது, வெளித்தண்ணீர் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும்.

முதல் நாளே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இதக் குடிச்சா மறுபடி புள்ள தங்காதாமே மிஸ்?" எனக்கு எரிச்சல் வந்தது. பிலோமினா வாசற்படியில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டாள். "பயப்படுங்க. ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டுப் பயப்படுங்க" என்றாள். பொழுது சாயும்வரை கேட்டார்கள், சொன்னாள். வாயாடி என்று அவளைக் கேலி செய்வேன். அன்றைக்கு அந்த வாய்தான் உதவியது.

அந்தத் தோட்டத்தில்தான் தனலெட்சுமி இருந்தாள். அவளுடைய நாலு மாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை. தாய்க்குப் பால் பத்தவில்லை என்று மாமியார் முடிவுகட்டிவிட்டார். புருஷன் டவுனுக்குப் போய்ப் பால்மா டின்னும் வாங்கி வந்துவிட்டான். "இன்னும் கொஞ்ச நாளு பாருங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மிஸ்" என்று தனலெட்சுமி எங்களைக் கெஞ்சினாள்.

சோதனை முடிவு வந்தது. தாய்க்குப் பால் வற்றவில்லை, குழந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெளித்தண்ணீரும் நிறையப் போயிருந்தது. ஆய்வை நடத்திய டாக்டர் சட்டென்று சொன்னார்: "அந்தத் தாய் பொய் சொல்லியிருக்கிறாள்."

"தண்ணி போயிருக்குன்னுதான் எச்சில் சொல்லுது டாக்டர். யாரு குடுத்தாங்கன்னு சொல்லலையே" என்றாள் பிலோமினா.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குப் போனாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. நடுக்காலையில் தனலெட்சுமியின் குழந்தை வீறிட்டது. ஆயா ராசம்மா சீனி கலந்த சுடுதண்ணீரைப் போத்தலில் ஊற்றினார். பிலோமினாவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "என்னா பண்றது மிஸ்? மேமலையில வேலைக்குப் போட்டா பால் குடுக்க எறங்கி வர விடமாட்டேங்கிறாரு கங்காணி. மீறி வந்தா அரைப்பேருதான். புள்ள கத்துறத எம்புட்டு நேரம் பாக்குறது?" அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம் போச்சு.

ஆய்வு முடியும்வரை யாருக்கும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. வேலை போய்விடும் என்று நான் பதறினேன். "அவ எச்சிலு, அவ பாலு. அவளுக்குச் சொல்லாம யாருக்குடி சொல்றது?" என்றாள் பிலோமினா. அன்று சாயந்தரமே தனலெட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், நடுக்காலையில் பால் கொடுக்க எப்படியாவது இறங்கி வரச் சொன்னாள். "வீட்டாளுங்க முன்னாடியும் சொல்லவா?" என்று கேட்டாள். "சொல்லுங்க மிஸ். சத்தமாச் சொல்லுங்க" என்றாள் தனலெட்சுமி.

தனலெட்சுமி குடும்பத்தின் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், பிலோமினா சொன்னது இவ்வளவுதான்: "பால் இருக்கு. தண்ணியில வயிறு நெறைஞ்சுட்டதால புள்ள வேணுங்கற அளவு பால் குடிக்கல." புருஷன் எழுந்தான். "தண்ணி யாரு குடுத்தது?" மாமியார் மருமகளையே முறைத்துக்கொண்டிருந்தார். "மலையில நிக்கிறவ எப்புடிக் குடுப்பா? அவள நடுவுல எறங்கி வர விடாதவங்களக் கேளு" என்றாள் பிலோமினா. ராசம்மாவின் பெயர் அவள் வாயில் வரவில்லை. கடைசியில் மாமியார்தான் டின்னை எடுத்து மேல்தட்டில் வைத்தார். "ஒரு வாரம் பாப்போம்" என்றார்.

அடுத்த நாள் காலை மடுவத்தில் பிலோமினா, தண்ணீர் கொடுக்க விடாமல், அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். குழந்தை கத்திக் கத்திச் சிவந்துபோனது. ராசம்மா அழுதுகொண்டே போத்தலைத் தேடினார். "கொஞ்சமாவது குடுத்துத் தொலை, பிலோ" என்று நானும் கத்தினேன். மேலே மலையில் கங்காணியின் அதட்டல் கேட்டது. தனலெட்சுமி வருவாள் என்பதற்கு எங்களிடம் எந்த உறுதியும் இல்லை.

"வருவா" என்றாள் பிலோமினா. அவள் குரலும் நடுங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "வருவா."

பிறகு பிலோமினாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேறு இடத்துக்கு மாற்றினார்கள், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நடுங்கிய ஒற்றைச் சொல்தான். அன்றைக்கு அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேயிலைக்கு நடுவில் கூடையில்லாமல் தனலெட்சுமி ஓடிவந்தாள். மாராப்பு பாலில் நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தாய்மார் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.