கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு பாஸ்போர்ட் போட்டோ

கீழே வரும் நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. என் போனில் பதிவானதைப் பார்த்து எழுதுகிறேன். ஆபீஸில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது. போன ஜனவரி பதினேழாம் தேதி, சனிக்கிழமை.

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் வாடகை கட்டுப்படியாகாமல், இருபது நிமிடம் தள்ளி ஒரு சின்ன ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில் மாடி வீடு பிடித்திருந்தோம். நானும் என் மனைவி சண்முகப்ரியாவும் மட்டும். கீழே முடிவெட்டும் கடை. எங்கள் ஹாலில் வடக்குச் சுவரும் கூரையும் சேருமிடத்தில் சாய்வாக, வானம் தெரியும்படி ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது.

அது பழைய போட்டோ ஸ்டுடியோ என்று வீட்டுக்காரம்மா லொரெய்ன் சொல்லியிருந்தார். அவருக்கு எண்பது வயது. எல்வுட் பிரிக்ஸ் என்பவர் 1903இல் ஆரம்பித்து இருபத்தெட்டு வருடம் நடத்தினாராம். ஊரின் கல்யாணப் பெண்கள், கைக்குழந்தைகள், 1917இல் போருக்குப் போன பையன்கள், எல்லோரும் அந்தக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்தவர்கள்தான். அடுத்த தெருவில் மின்விளக்கு வைத்த புது ஸ்டுடியோ வந்து கூட்டம் அங்கே போன பிறகும் அவர் விளக்கு வாங்கவில்லை. மேலிருந்து விழும் வெளிச்சம் போதும், உட்காருபவர் மட்டும் அசையக் கூடாது என்பாராம்.

அந்த வாரம் கோவில்பட்டியில் மாமனாருக்கு ஹார்ட் அட்டாக். திருநெல்வேலியில் ஐ.சி.யூ.வில் இருந்தார். ப்ரியாவின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. அவசரமாகப் புதுப்பிக்க அன்றைக்கே போட்டோ அப்லோட் பண்ண வேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று கண்ணாடிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டேன். பின்னால் வெள்ளைச் சுவர்.

3:52. முதல் போட்டோ. அளவு சரிபார்க்கும் ஆப் அதை ஏற்கவில்லை. படத்தில் ஒரு முகம்தான் இருக்க வேண்டும் என்றது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ப்ரியா. வெள்ளைச் சுவர். வேறெதுவும் இல்லை.

3:55. மறுபடியும் அதே பதில்.

3:58. அதே பதில். ப்ரியா எரிச்சலானாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கழுத்துல மூச்சு விடாதீங்க."

நான் எட்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

4:03. போன் திரையில், முகத்தைக் கண்டுபிடித்தால் ஒரு மஞ்சள் கட்டம் வரும். அவள் முகத்தில் ஒரு கட்டம். அவளுடைய இடது தோளுக்கு மேலே, வெறும் சுவரில்... இன்னொரு கட்டம். என் உயரத்துக்கு.

அது அசைந்தது.

மெதுவாகக் கீழே இறங்கி, அவள் முகத்துக்கு அருகில் நின்றது. யாரோ குனிந்து பார்ப்பது போல.

4:06. ப்ரியாவின் முகம் மெல்ல உயர்ந்தது. இடது பக்கம் திரும்பியது. தாடைக்கு அடியில் தோல் ஒரு விரல் அளவுக்கு உள்ளே அமுங்கியிருந்தது.

"ப்ரியா... எதுக்கு தலையைச் சாய்க்கிற?"

அவள் கண்கூட இமைக்கவில்லை.

இரண்டாவது கட்டம் மறைந்தது.

மரத்தரையில் காலடிச் சத்தம். டக்... டக்... என்னை நோக்கி வந்தது. என்னைத் தாண்டியது. எனக்குப் பின்னால் நின்றது.

கனமான துணியை உதறும் சத்தம். சரக்.

பிறகு எதுவும் இல்லை.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து மறுத்தது.

4:11. கண்ணாடியில் பனி மூடிக்கொண்டிருந்தது. அறை இருண்டது. அவள் மூச்சு விடுவதுபோலவே தெரியவில்லை.

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். தோளைப் பிடித்தேன். கட்டை போல் இருந்தாள்.

சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டேன்.

வெளிச்சம் வந்ததும் அவள் பெரிதாக மூச்சை இழுத்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"ஏன் அப்படியே உட்கார்ந்திருந்த?"

"நீங்கதானே அசையாதன்னு சொன்னீங்க... இங்கிலீஷ்ல."

நான் சொல்லவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தப் பனியிலேயே காரை எடுத்தோம். மருந்துக்கடையில் போட்டோ எடுத்தோம். ஒரே தடவையில் ஆப் ஏற்றது. அன்றிரவு மோட்டலில் தங்கினோம். பாஸ்போர்ட் வந்து, ப்ரியா ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் வீட்டைக் காலி செய்தோம். சாவி கொடுக்கும்போது, பிரிக்ஸ் எப்படி இறந்தார் என்று லொரெய்னிடம் கேட்டேன். அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்.

1931இல் ஒரு குளிர்காலச் சாயங்காலம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி நிச்சயதார்த்தப் படம் எடுக்கப் போயிருந்தாள். பிரிக்ஸ் பழைய பெட்டிக் கேமராவைப் போர்த்திய கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் போதும் என்று சொல்லாததால் அந்தப் பெண் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகு அவள் அண்ணன் தேடி வந்து துணியை விலக்கினார். கேமராமேல் சாய்ந்தபடி பிரிக்ஸ் இறந்துபோயிருந்தார்.

அந்தப் பெண் லொரெய்னின் அம்மா.

உடல் விறைத்திருந்ததைப் பார்த்து, உயிர் காலையிலேயே போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். அம்மா அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை என்றார் லொரெய்ன்.

அன்று சாயங்காலம் மூன்றரை மணிக்குக் கதவைத் திறந்து, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனது பிரிக்ஸ்தானாம்.